குழந்தைகளின் கரப்பான்: அறியவேண்டுவனவும் செய்யவேண்டுவனவும்

கைக்குழந்தையின் கன்னத்தில் சொரசொரப்பான தடிப்புத் தோன்றி, நீர் கசிந்து, இரவெல்லாம் அரிப்பெடுத்துக் குழந்தை அழுவதை நம் அங்கத்தினர்களுள் பலர் தம் இல்லங்களிலோ அண்டை வீட்டிலோ கண்டிருப்பர். இதனைப் பெரியோர் கரப்பான் என்பர். பலவகைத் தோல் நோய்களுக்கும் இப்பெயர் பொதுவாக வழங்கப்படினும், இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மேனாட்டு வைத்தியத்தில் ‘அடோபிக் எக்ஸிமா’ என்று கூறப்படும் நோயேயாகும். இஃது உயிரைக் கவரும் நோயன்று. எனினும் வீட்டின் உறக்கத்தைக் கவர்வது. குழந்தை உறங்காவிடில் தாய் உறங்குவதில்லை. தாய் உறங்காவிடில் மறுநாள் தறியிலும் வயலிலும் வேலை ஓடுவதில்லை. பள்ளி செல்லும் வயதில் கையை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அமரும் பிள்ளைகளும் உளர்.

இந்நோயை வேரோடு களைந்துவிடும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் பெரும்பாலான குழந்தைகளிடத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரின் உதவியைக் கொண்டே, பெருஞ்செலவின்றி இதனைக் கட்டுக்குள் வைக்க இயலும். அதற்கு வேண்டுவன இரண்டு. கூட்டுறவாளர்களாகிய நமக்கு அவ்விரண்டும் புதியனவல்ல. ஒன்று நாள்தோறும் தவறாத சேமிப்பு. மற்றொன்று வேண்டிய காலத்தில், வேண்டிய அளவில், தவணை வைத்து வாங்கும் கடன். தோலுக்குச் சேமிப்பு யாது, கடன் யாது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

நோயின் இயல்பு

‘அடோபி’ என்னும் சொல்லை 1923-இல் அமெரிக்க அறிஞர்களாகிய கோக்கா, குக் என்னும் இருவர் வழக்குக்குக் கொணர்ந்தனர். கரப்பான், ஆஸ்துமா, தும்மலும் மூக்கொழுக்குமாகிய ஒவ்வாமைச் சளி ஆகியவை சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருவதைக் குறிக்கும் சொல் அது. ஆதலின் இந்நோய் பெரும்பாலும் குடும்பவழியில் வருவதாகும். தாய் செய்த குற்றமோ, கருவுற்றிருந்தபோது உண்ட பண்டமோ, தாய்ப்பாலின் சூடோ இதற்குக் காரணமல்ல. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவதும் இல்லை. இத்தகைய குழந்தையைப் பிற குழந்தைகளோடு விளையாட விடுவதிலும், மடியில் வைத்துக் கொஞ்சுவதிலும் யாதொரு தீங்கும் இல்லை.

தோலில் நிகழும் குறைபாட்டை நெசவாளர் எளிதில் உணர்ந்துகொள்ளலாம். கஞ்சி போடாத பாவைத் தறியில் ஏற்றினால் யாது நேரும்? இழைகளில் பிசிறு எழும். அச்சில் உராய்ந்து இழை அறும். நம் தோலின் மேற்பரப்பிலும் உயிரணுக்கள் அடுக்கடுக்காக அமைந்து, அவற்றின் இடையே ஒருவகைக் கொழுப்பு பூசப்பட்டிருக்கிறது. இந்தப் பூச்சு நன்றாக இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. வெளியிலிருக்கும் அழுக்கும் கிருமியும் உட்புகா. கரப்பான் வரும் குழந்தைகளுக்கு இப்பூச்சு பிறவியிலேயே குறைவாக இருக்கிறது. தோலை இறுக்கமாக வைக்கும் ‘ஃபிலாக்ரின்’ என்னும் புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறை இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை 2006-இல் ஸ்காட்லாந்து நாட்டின் டண்டி நகர ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினர். எல்லா நோயாளர்க்கும் இக்குறை இருப்பதில்லை. எனினும் தோலின் அரண் பழுதுபட்டிருப்பதே நோயின் அடிப்படை என்பது அதனால் தெளிவாயிற்று.

அரண் பழுதுபட்ட தோல் வறண்டு போகிறது. வறண்ட தோல் அரிக்கிறது. அரித்தால் குழந்தை சொறிகிறது. சொறிந்தால் அரண் மேலும் பழுதுபடுகிறது. அதன் வழியே தூசியும் கிருமியும் புகுந்து, உடலின் காப்புச் சக்தி அளவுமீறிக் கிளர்ந்து, தோல் சிவந்து வீங்குகிறது. அரிப்பு இன்னும் மிகுகிறது. வரப்பு உடைந்த வயலில் எவ்வளவு நீர் பாய்ச்சினும் நில்லாததுபோல, இந்தச் சுழலை நிறுத்தாமல் செய்யப்படும் எந்த வைத்தியமும் நிலைப்பதில்லை.

கண்டறியும் வகை

கரப்பானுக்கு இரத்தப் பரிசோதனை அவசியமில்லை. பார்த்தும் கேட்டும் அறியக்கூடியதே இது. அரிப்பு இன்றியமையாத அடையாளம். அரிப்பில்லாதது கரப்பானாகாது. அதனுடன், இரண்டு வயதுக்கு முன் தொடங்கியிருத்தல், முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்மடிப்பிலும் முன்பு தடிப்பு வந்திருத்தல் அல்லது இப்போது காணப்படுதல், உடல் முழுவதும் தோல் வறட்சி, குழந்தைக்கோ நெருங்கிய உறவினர்க்கோ ஆஸ்துமா முதலியன இருத்தல் என்பவற்றுள் மூன்றேனும் பொருந்தினால் கரப்பான் என்று டாக்டர்கள் முடிவு செய்வர். கைக்குழந்தைக்குக் கன்னத்திலும் கைகால்களின் வெளிப்புறத்திலும், வளர்ந்த பிள்ளைக்கு மடிப்புகளிலும், பெரியோர்க்குக் கை, கழுத்து, கண்ணிமை ஆகிய இடங்களிலும் இது மிகுதியாகக் காணும்.

மேனாட்டுப் புத்தகங்களில் ‘சிவந்த தடிப்பு’ என்று எழுதியிருப்பதைக் கொண்டு நம் குழந்தைகளின் தோலில் சிவப்பையே தேடுதல் கூடாது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அது கருமையாகவோ, சாம்பல் படிந்தாற்போலவோ, சிறு சிறு பொரிகளாகவோ தோன்றும். தடிப்பு ஆறிய பின் அவ்விடம் சில மாதங்கள் வெளுத்தோ கறுத்தோ இருக்கும். வெளுத்த இடத்தைக் கண்டு தொழுநோய் என்று அஞ்சுவோர் இன்றும் உளர். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும், அரிப்பு இராது. கரப்பான் ஆறிய வெண்திட்டில் உணர்ச்சி குறைவதில்லை. நிறமும் மெல்ல மெல்லத் திரும்பும். ஐயமிருப்பின் சுகாதார நிலையத்தில் காட்டித் தெளிந்துகொள்ளலாம்.

வேறு இரண்டு நோய்களையும் இதனோடு மயங்குதல் கூடாது. வீட்டில் பலருக்கும் ஒருசேர இரவில் அரிப்பெடுத்து, விரல் இடுக்குகளில் பொரி காணப்பட்டால் அது சொறியாக இருக்கலாம். அதற்கு வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளவேண்டும். வட்ட வடிவில் ஓரம் தடித்து, நடுவில் ஆறிக்கொண்டு பரவுவது படர்தாமரை. அது பூஞ்சையால் வருவது. அதற்குக் கரப்பான் களிம்பைப் பூசினால் முதலில் அடங்குவதுபோல் காட்டிப் பின்னர் உடலெங்கும் பரவும்.

நித்தியச் சேமிப்பு: ஈரம் காக்கும் களிம்பு

தோலுக்குரிய நாட்சேமிப்பாவது ஈரம் காக்கும் களிம்பைத் தடவுவதாகும். தடிப்பு இருப்பினும் இல்லாவிடினும், நாளைக்கு இரண்டு முறையேனும் உடல் முழுவதும் இதனைப் பூசவேண்டும். பாவுக்குக் கஞ்சி எவ்வாறோ அவ்வாறே வறண்ட தோலுக்கு இக்களிம்பு. தடிப்பு வந்த பிறகு மட்டும் பூசுவது இழை அறுந்த பின் கஞ்சி போடுவதற்கு ஒப்பாகும்.

எக்களிம்பு சிறந்தது என்று பலர் கேட்பர். இங்கிலாந்தில் 550 குழந்தைகளிடம் லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் ஆகிய நால்வகைக் களிம்புகளையும் ஒப்பிட்டு 2022-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், நோயை அடக்குவதில் அவற்றினிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. குடும்பத்தார் மனமுவந்து நாள்தோறும் பூசக்கூடியதே நல்ல களிம்பு என்பதே இதன் பொருள். மணமும் நிறமும் சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி விலை மலிவானது. வறண்ட தோலுக்கு ஏற்றது. வெயிற்காலத்தில் அது பிசுபிசுப்பென்று வெறுப்போர் பகலில் கிரீமும் இரவில் ஜெல்லியுமாகப் பூசலாம். நம் வீடுகளில் உள்ள சுத்தமான தேங்காய் எண்ணெயும் பயன் தரும். பிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அதற்கு நற்பயன் காணப்பட்டது. ஆலிவ் எண்ணெய் தோலின் அரணை மேலும் குலைப்பதாகத் தெரியவந்துள்ளது. ஆகையால் அது வேண்டுவதில்லை.

இங்கே அளவே முக்கியம். உடல் முழுவதும் வறட்சியுள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம் முதல் 500 கிராம் வரை இக்களிம்பு தேவைப்படுமென்பது இங்கிலாந்து நாட்டு வைத்திய வழிகாட்டிகள் கூறும் கணக்கு. நம் கடைகளில் விற்கும் 50 கிராம் டப்பா இரண்டொரு நாளில் தீர்ந்துபோகவேண்டும். அது இரண்டு மாதம் வந்ததாயின், பூசியது போதவில்லை என்பதே முடிவு. ‘பூசினோம், பயனில்லை’ என்று கூறும் பெற்றோரிடம் டாக்டர் முதலில் கேட்கவேண்டுவது, ‘டப்பா எத்தனை நாள் வந்தது?’ என்பதேயாகும்.

பூசும் முறையிலும் சில விதிகள் உள. கையைக் கழுவிக்கொண்டு, டப்பாவில் விரல் விடாமல் சுத்தமான கரண்டியால் எடுக்கவேண்டும். தேய்க்காமல், மயிர் படிந்திருக்கும் திசையில் மென்மையாக நீவவேண்டும். குளிப்பாட்டித் துணியால் ஒற்றிய சில நிமிஷங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுதல் நலம். எச்சரிக்கை ஒன்று: இக்களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். ஆகையால் குழந்தையை அடுப்பு, விளக்கு ஆகியவற்றினருகில் விடலாகாது. களிம்பு பூசிய கையோடு தாய்மார் அடுப்பைப் பற்றவைத்தலும் கூடாது.

குளியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிப்பாட்டினால் கரப்பான் மிகும் என்று வாரக்கணக்கில் நீர் படாமல் வைத்திருப்பது தவறு. வியர்வையும் தூசியும் நீங்க நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிஷங்களுக்குள் குளிப்பாட்டலாம். கொதிநீர், பீர்க்கு நார், கடுமையான சோப்பு ஆகியவை ஆகா. கடலை மாவு, பயற்ற மாவு முதலியவற்றைப் புண்பட்ட தோலில் தேய்ப்பதையும் தவிர்த்தல் நலம். பழுதுபட்ட தோலின் வழியே உணவுப்பொருள் உட்புகுந்தால் அவ்வுணவுக்கே பின்னர் ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்பது அறிஞர்களின் கருத்து. குளிக்கும் நீரில் ஊற்றும் விலையுயர்ந்த எண்ணெய் மருந்துகளால் மேலதிகப் பயன் இல்லை என்பது 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சியால் தெரிந்தது. அப்பணத்தைப் பூசும் களிம்புக்குச் செலவிடுவதே சிக்கனம்.

தவணைக் கடன்: ஸ்டீராய்டு களிம்பு

சேமிப்பு ஒழுங்காக நடந்தாலும் இடையிடையே நோய் சீறி எழும். அப்போது தடிப்பை அடக்கவல்லது ஸ்டீராய்டு களிம்பு. ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் மருந்தைத் தோலின்மேல் பூசிப் பயன் கண்டதை 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்டனர். தோல் வைத்தியத்தில் அது ஒரு பெரிய திருப்பமாகும். அதன் பின் பல தரத்து ஸ்டீராய்டு களிம்புகள் வந்துள்ளன. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மென்மையானது. மொமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன் வாலரேட் ஆகியவை வலிமையானவை. குளோபெட்டாசோல் மிகக் கடுமையானது.

இம்மருந்தைக் கடனுக்கு ஒப்பிட்டோம். கடன் வாங்கவே கூடாது என்று பயிர் வாடும்போதும் கைகட்டி இருப்பவன் விளைச்சலை இழக்கிறான். கேட்பாரின்றிக் கடன்மேல் கடன் வாங்குபவன் நிலத்தையே இழக்கிறான். ஸ்டீராய்டு களிம்பிலும் இவ்விரு வகைத் தவறுகளும் நம்மிடையே நடக்கின்றன. பெயரைக் கேட்டு அஞ்சி, டாக்டர் தந்த மருந்தை மிளகளவு தொட்டுத் தடவி, இரண்டாம் நாளே நிறுத்திவிடுவோர் ஒரு சாரார். அவர்களுடைய குழந்தைகள் மாதக்கணக்கில் வீணே துன்புறுகின்றன. கடைக்காரர் கொடுத்த ட்யூபை டாக்டரைக் கேளாமல் ஆண்டுக்கணக்கில் முகத்துக்கும் பூசுவோர் மற்றொரு சாரார். அவர்களுக்குத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, வரிக்கோடுகள் விழுகின்றன. கண்ணிமையில் நெடுநாள் பூசினால் கண்ணில் அழுத்தம் ஏறவும் கூடும்.

டாக்டர் சொல்லும் தரம், அளவு, தவணை ஆகிய மூன்றும் சேர்ந்தே மருந்தாகும். முகத்துக்கு மென்மையானதை மூன்று முதல் ஐந்து நாள்; உடலுக்குச் சற்று வலிமையானதை ஏழு முதல் பதினான்கு நாள்; நாளைக்கு ஒரு முறை: பொதுவாக விதிக்கப்படும் தவணை இவ்வளவே. தடிப்பு தட்டையாகி அரிப்பு நின்றதும் நிறுத்திவிட்டு, ஈரம் காக்கும் களிம்பை மட்டும் தொடரவேண்டும். அடிக்கடி ஒரே இடத்தில் திரும்ப வருமாயின், ஆறிய பிறகும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசிவர டாக்டர் சொல்வதுண்டு.

அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் ஆகும். அந்த அரை கிராம், விரல்கள் சேர்ந்த பெரியவர் உள்ளங்கைகள் இரண்டின் பரப்புக்குப் போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இரு முழங்கை மடிப்பிலும் இரு முழங்கால் மடிப்பிலும் சேர்ந்து நான்கு உள்ளங்கைப் பரப்பு தடிப்பு இருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1 கிராம், இரண்டு வாரத்துக்கு 14 கிராம் ஆகும். ஆகவே 15 கிராம் ட்யூப் ஒன்று ஒரு தவணைக்குச் சரியாக வரும். அது ஆறு மாதம் வந்தால் பூசியது குறைவு. மாதத்துக்கு நான்கைந்து ட்யூப் செலவானால் டாக்டரிடம் மீண்டும் போகவேண்டும். இந்தக் கணக்கை வீட்டில் ஒரு தாளில் குறித்து வைப்பது நல்லது.

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் கடுமையான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றையும் கலந்தவை பல. இவை எந்த ஒரு நோய்க்கும் பொருந்தாமல் எல்லா நோயையும் குழப்பிவிடும். இவ்வகைத் தவறான உபயோகம் பெருகியதைக் கண்டே இந்திய அரசாங்கம் 2018-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாத அட்டவணையில் சேர்த்தது. பெயரும் கலவையும் எழுதாத டப்பாக் களிம்புகளையும் நம்பலாகாது. மூலிகை என்று கூறி விற்ற களிம்புகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல நாடுகளில் சோதனை மூலம் வெளிப்பட்டுள்ளது. ‘ஒரே ஊசியில் அடங்கும்’ என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசியும் அவ்வாறே; ஊசியின் வேகம் தணிந்ததும் நோய் முன்னிலும் உக்கிரமாக எழக்கூடும். சித்த வைத்தியத்தை நாடுவோர் அரசாங்க சித்த மருத்துவப் பிரிவுக்குச் சென்று, இரு வைத்தியரிடமும் மற்றவர் கொடுத்த மருந்தைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

கரப்பான் பண்டம் என்னும் விலக்கு

கத்தரிக்காய், கருவாடு, முட்டை, நிலக்கடலை, சோளம் என்று கரப்பான் பண்டங்களின் பட்டியல் ஊருக்கு ஊர் நீளுகிறது. குழந்தைக்கு மட்டுமன்றிப் பாலூட்டும் தாய்க்கும் இவற்றை விலக்கிவிடுகின்றனர். பால், முட்டை, பருப்பு யாவும் நீங்கிய குழந்தை எடை குறைந்து இளைக்கிறது; கரப்பானோ அப்படியே இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கரப்பான் உணவால் வருவதன்று. ஓர் உணவை உண்ட சில நிமிஷங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உதடு வீங்குதல், உடலில் தடிப்புகள் எழுதல், வாந்தி ஆகியவை நேர்ந்தால் மட்டுமே அவ்வுணவைச் சந்தேகிக்கவேண்டும். தக்க மருந்து பூசியும் அடங்காத கடுங்கரப்பான் உள்ள கைக்குழந்தையைப் பற்றியும் டாக்டர் இவ்வாறு ஆராய்வார். மூச்சுத் திணறல் கண்டால் அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

நிலக்கடலை விளைவிப்போர் கவனிக்கத்தக்க ஓர் ஆராய்ச்சி லண்டனில் நடந்து 2015-இல் வெளிவந்தது. கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளில் ஒரு பகுதிக்கு நிலக்கடலை சேர்ந்த உணவை ஊட்டியும், மறு பகுதிக்கு அறவே விலக்கியும் ஐந்து வயது வரை கவனித்தனர். உண்டு வளர்ந்த குழந்தைகளிடையே கடலை ஒவ்வாமை வெகு குறைவாகவும், விலக்கப்பட்ட குழந்தைகளிடையே மிகுதியாகவும் காணப்பட்டது. அச்சத்தால் செய்யும் விலக்கே தீங்காய் முடியக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும் கடுங்கரப்பான் உள்ள கைக்குழந்தைக்குக் கடலையைத் தொடங்குமுன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். முழுக்கடலையைச் சிறு குழந்தைக்குத் தரவே கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

தடுப்பூசியையும் சிலர் கரப்பானைக் காட்டித் தள்ளிப்போடுகின்றனர். பெரியம்மைக்கு அம்மை குத்திய நாளில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு அதனால் ஆபத்து இருந்தது. முதியோர் சிலர் அதனை நினைவில் வைத்திருக்கலாம். பெரியம்மை உலகெங்கும் ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்று அட்டவணைப்படி போடப்படும் தடுப்பூசிகளைக் கரப்பானுக்காக நிறுத்தவேண்டுவதில்லை.

உடையும் தொழிலும்

கரப்பான் உள்ள குழந்தைக்குத் தளர்ந்த, மெல்லிய பருத்தி உடையே தகுந்தது. கம்பளி நேரே தோலில் படலாகாது. புதுத் துணியில் கஞ்சியும் மிஞ்சிய சாயமும் இருக்கக்கூடும் என்பது நமக்கே நன்கு தெரியும். ஆகையால் ஒருமுறை நன்றாக அலசிய பின்னரே உடுத்தவேண்டும். பட்டு உடுத்தினால் கரப்பான் குறையும் என்று மேனாடுகளில் பசை நீக்கிய பட்டு உள்ளாடைகளை விற்று வந்தனர். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் 300 குழந்தைகளைக் கொண்டு ஆராய்ந்து, வழக்கமான சிகிச்சையைவிட அவ்வுடையால் அதிகப் பயன் இல்லை என்று 2017-இல் அறிவித்தனர். பட்டு நெய்து பிழைப்போர் நம்முள் பலர். ஆயினும் பட்டைப் பட்டாக விற்போமேயன்றி, மருந்தாக விற்பது நமக்கு அழகன்று.

சிறு வயதில் கரப்பான் இருந்தவர்களுக்குப் பெரியவர்களான பின் கைகளில் எக்ஸிமா வரும் வாய்ப்பு மிகுதி. சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா, ஹைட்ரோசல்பைட், ப்ளீச்சிங் பவுடர் ஆகியவற்றில் நாள் முழுதும் கை நனைந்தால் இந்நோய் மீண்டும் எழும். அத்தகைய இளைஞரைச் சாய வேலையைவிடத் தறி வேலைக்கோ கணக்கு வேலைக்கோ பழக்குவது முன்யோசனையாகும். சாய வேலையே செய்யவேண்டியிருப்பின் ரப்பர் கையுறையும், அதனுள் மெல்லிய பருத்தி உறையும் அணிந்து, வேலை முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்துக் களிம்பு பூசவேண்டும். சாயத் தொட்டிக்கும் பஞ்சுத் தூசி பறக்கும் இடத்துக்கும் அருகில் குழந்தையின் தொட்டிலைக் கட்டலாகாது.

பயிர் செய்வோர் அஞ்சவேண்டியது பார்த்தீனியம். 1950-களில் பூனா நகரருகே கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய இந்தச் செடியின் தூள் காற்றில் பறந்து முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் கடும் அழற்சியை உண்டாக்கும். பெரியவர் ஒருவருக்கு முதல்முறையாக இவ்விடங்களில் தடிப்புத் தோன்றினால் பார்த்தீனியத்தையும் நினைவுகொள்ளவேண்டும். பூப்பதற்கு முன்பே கையுறை அணிந்து வேரோடு பறித்துவிடுவது நலம்.

காலந்தாழ்த்தாமல் காட்டவேண்டிய நிலைகள்

தடிப்பில் மஞ்சள் பொருக்குக் கட்டி, சீழ் கசிந்து, காய்ச்சல் கண்டால் கிருமி புகுந்துள்ளது என்று கொண்டு டாக்டரிடம் செல்லவேண்டும். ஒரே அளவான சிறு கொப்புளங்கள் திடீரெனக் கொத்தாக எழுந்து, துளையிட்டாற்போன்ற புண்களாகி, வலியும் காய்ச்சலும் மிகுமாயின் அது ஹெர்ப்பிஸ் கிருமியால் வரும் ஆபத்தான நிலையாகும். அன்றைய தினமே ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். கண்ணருகில் வந்தால் சிறிதும் தாமதிக்கலாகாது. இரண்டு வாரம் முறையாகப் பூசியும் அடங்காவிடினும், குழந்தை இளைத்துக்கொண்டு வந்தாலும் மாவட்ட ஆஸ்பத்திரியின் தோல் மருத்துவரிடம் அனுப்பும்படி கேட்டல் வேண்டும். அங்கே டாக்ரோலிமஸ் களிம்பு, ஒளிச் சிகிச்சை, இன்னும் கடுமையான நோய்க்கு மாத்திரையும் ஊசியும் என்று மேற்படிகள் உள. கரப்பானுக்கென்றே ஆராய்ந்து உருவாக்கிய டுபிலுமாப் என்னும் ஊசிக்கு 2017-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆயினும் அதன் விலை மிக அதிகம்.

இரவு அரிப்புக்கு வீட்டில் செய்யத்தக்கன சில: நகத்தை ஒட்ட வெட்டுதல், அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை வைத்தல், உறங்குமுன் களிம்பு பூசுதல், வியர்க்காத இடத்தில் படுக்கவைத்தல். ‘சொறியாதே’ என்று அதட்டுவதால் பயனில்லை. கைக்கு வேறு வேலை கொடுப்பதே வழி.

சங்கங்கள் செய்யத்தக்கது

இச்சிகிச்சையில் ஏழைக் குடும்பம் தடுமாறும் இடம் ஒன்றே. ஸ்டீராய்டு ட்யூப் சுகாதார நிலையத்தில் கிடைத்துவிடுகிறது; வாரந்தோறும் வேண்டிய ஈரம் காக்கும் களிம்பு போதிய அளவில் கிடைப்பதில்லை. சிறு டப்பாவாக வாங்கினால் கிராமுக்கு விலை அதிகம். பெரிய டப்பாவாக வாங்கினால் குறைவு. மொத்தமாக வாங்கி நியாய விலையில் பங்கிடுவதற்கென்றே கூட்டுறவு தோன்றியது. ஆதலின் நம் சங்கங்கள், அருகிலுள்ள கூட்டுறவு மருந்தகத்தில் அரைக் கிலோ அளவிலான வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை எப்போதும் இருப்பில் வைக்கும்படி தீர்மானம் நிறைவேற்றிக் கேட்கலாம். சங்கக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியரை ஒருமுறை அழைத்து, விரல் நுனி அளவைத் தாய்மார்களுக்குக் காட்டச் செய்யலாம். செவிலியர் கையால் ஒருமுறை செய்து காட்டினால், பத்து முறை வாயால் சொல்லியும் விளங்காதது விளங்கும்.

கரப்பான் வந்த குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு வயது ஏற ஏற நோய் வெகுவாகத் தணிந்துவிடுகிறது. அதுவரை அக்குழந்தை உறங்கவும், உண்ணவும், பள்ளியில் முன்வரிசையில் அமரவும் வகைசெய்வது பெற்றோர் கடமை. சேமிப்பு நாள்தோறும், கடன் வேண்டும்போது, அளவோடு, தவணையோடு. இதனை மறவாத வீட்டில் கரப்பான் இருப்பினும் அதன் ஆட்சி இராது.